அண்ணனிடம் கேட்க வேண்டியது

குழாயில் முதலில் காற்றுதான் வந்தது, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், அதற்குப் பிறகுதான் தண்ணீர். அதுவும் நூல் மாதிரி. இந்த வேகத்தில் டிரம் நிரம்ப மாலை ஆகிவிடும், ஆகட்டும், ஞாயிற்றுக்கிழமைதானே. அம்மா கல்லிடைக்குறிச்சிக்குச் சித்தி மகள் வளைகாப்புக்குப் போயிருக்கிறாள், அப்பாவுக்குப் பார்சல் ஆபீஸில் ஞாயிறு என்று ஒன்று கிடையாது, வீட்டில் நான் மட்டும்தான். இல்லை, நானும் அண்ணனும். பார், இப்படித்தான் வருகிறது இப்போதெல்லாம், முதலில் அவனை விட்டுவிட்டு எண்ணி, பிறகு சேர்த்துக்கொள்கிறேன். காலையில் கூடப் படிக்கிற ஃபர்ஹானா போனில் வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க என்று கேட்டபோதும் நான் மட்டும்தான் என்று சொல்லிவிட்டு அவன் அறைக் கதவைப் பார்த்தேன். கேட்டிருக்குமோ. கதவு எப்போதும்போல ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம். அந்தச் சத்தம் இருக்கிறவரை சரி என்று எனக்குள் ஒரு கணக்கு இருக்கிறது, யாரும் சொல்லித்தந்த கணக்கு இல்லை. மின்விசிறி ஓடினால் அண்ணன் இருக்கிறான். இப்போதும் ஓடுகிறது, புழக்கடையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிற எனக்கு ஜன்னல் வழியாகக் கேட்கிறது. டியூபை டிரம்முக்குள் விட்டுவிட்டு மடியில் புத்தகத்தை விரித்திருக்கிறேன், அதற்கு அடியில் இன்னொரு புத்தகம். மேலே இருப்பது உளவியல், அடியில் சமூகவியல். நேற்று அடியில் இருந்தது உளவியல்.

கல்லூரியில் மூன்று வருஷமாக இப்படித்தான், காலையில் மாடியில் உளவியல் வகுப்பு, மதியம் கீழே சமூகவியல். மாடியில் இருக்கும்போது ஒரே ஓர் ஆளைத்தான் பார்ப்போம், அவன் எப்படித் தூங்குகிறான், எதற்குப் பயப்படுகிறான், சின்ன வயதில் யார் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சாப்பிட்டுவிட்டுப் படியிறங்கும்போதே அந்த ஆள் சின்னதாகிக்கொண்டே வருவான், அவன் நிற்கிற தெரு பெரிசாகிக்கொண்டே வரும். கீழே அருணாசலம் சார் பலகையில் தெருவைத்தான் வரைவார், யார் வீடு எங்கே, யாருக்கு எந்தப் பக்கம் வாசல், யார் யார் வீட்டுக்குள் போகலாம், யார் வெளியிலேயே நின்று பேச வேண்டும். முதல் வருஷம் தலை சுற்றியது. ஒரே பெண்ணைப் பற்றி மாடியில் ஒரு காரணமும் கீழே வேறொரு காரணமும் சொன்னால் எதைப் பரீட்சையில் எழுதுவது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. மாமாவுக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு, மனசப் படிக்கிற படிப்பாமே, எம்மனசுல என்ன இருக்கு சொல்லு பாப்போம். காபி கேக்கணும்னு இருக்கு மாமா என்றால் அதற்கும் சிரிப்பு. சமூகவியல் என்றால் அவருக்குச் சமூகசேவை, அதாவது கல்யாண வீட்டில் ஓடியாடி வேலை செய்கிற பிள்ளைகள். பிளஸ் டூ முடித்தபோது அப்பா டீச்சர் டிரெயினிங்கில்தான் சேர்க்க வேண்டும் என்று நின்றார். அண்ணன்தான் பேசினான். அது நன்றாக நினைவிருக்கிறது, அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, அவ ஆசப்படுதத படிக்கட்டும்ப்பா, நான் பாத்துக்கிடுதேன் என்றான். அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை கிடைத்த புதிது. நான் பாத்துக்கிடுதேன். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான், கடைக்குப் போய் சீனி வாங்கிட்டு வாரேன் என்பதுபோல. அந்த ஒரு வார்த்தையில் ஏறித்தான் நான் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடக்கிறேன்.

தண்ணீர் கொஞ்சம் வேகம் பிடித்திருக்கிறது. பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டிருந்தார்கள், நிறுத்திவிட்டார்கள்போல. புத்தகத்தில் விரல் வைத்திருக்கிற பக்கம் எனக்கு மனப்பாடம். எதிலும் நாட்டமின்மை. தூக்கம் குறைவது அல்லது கூடுவது. பசி. தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம். மற்றவர்களைத் தவிர்த்தல். பரீட்சைக்குப் படிக்கும்போது இவை வெறும் வரிகளாக இருந்தன, பாத்ரூமில் பல் தேய்த்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். பொங்கலுக்கு அண்ணன் ஒரு பையோடு வந்தான், பொங்கல் முடிந்தது, பை பிரிக்கப்படாமலே கட்டிலடியில் கிடந்தது. அப்பா முதலில் லீவு எப்ப வரைக்கும் என்று கேட்டார். பிறகு கேட்கவில்லை. அம்மா வருகிறவர்களிடம், ராத்திரி ஷிப்டு பாத்த உடம்பு, அலுப்பு, கொஞ்சம் கிடந்து எந்திரிக்கட்டும் என்றாள். மாங்காய்க் காலம் வந்துபோனது, மழை வந்தது, அலுப்பு போகவில்லை. ஒரு நாள் சாயங்காலம் சோற்றுத்தட்டை எடுக்கப் போனபோது அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான், தட்டில் சோறு ஓரம் மட்டும் கலைந்திருந்தது, அந்த நேரம் அந்தப் பக்கத்தின் வரிகள் ஒவ்வொன்றாக என் தலைக்குள் தாமாக வந்து நின்றன, நான் கூப்பிடவேயில்லை. அன்றைக்கு எனக்கு என் படிப்பின் மேலேயே வெறுப்பு வந்தது. சொந்த அண்ணனைப் பார்க்கும்போது பக்க எண் ஞாபகம் வருகிறதே. ஆனால் அதே ராத்திரி இன்னொன்றும் வந்தது, அது கீழ்த்தளத்திலிருந்து. எங்கள் தெருவில் அண்ணன் வயதுப் பையன்கள் யார் யார் என்று நினைத்துப் பார்த்தேன். தபால்காரர் மகன் திரும்பி வந்துவிட்டான், மெடிக்கல் கடைக்காரர் தம்பி திரும்பி வந்துவிட்டான், எல்லாருக்கும் கான்ட்ராக்ட் வேலை, எல்லாருக்கும் அடுத்த மாதம் கூப்பிடுகிறோம் என்று ஒரு போன். அவர்கள் சாயங்காலம் பெட்டிக்கடையில் நிற்கிறார்கள், அண்ணன் நிற்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சார் வரைகிற மாதிரி எங்கள் வீட்டை வரைந்து பார்த்தால் எல்லாக் கோடும் அண்ணனிடம்தான் போய் முட்டுகிறது. அப்பாவின் கோடு, அம்மாவின் கோடு, என்னிடமிருந்து போகிற கோடு. நான் பாத்துக்கிடுதேன் என்று சொன்னவனைப் பார்த்துக்கொள்ள என்று ஒரு கோடும் போகவில்லை.

இதையெல்லாம் நாளைக்கு நான் சொல்லலாம். நன்றாகவே சொல்லுவேன். கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரே தலைப்பு, ஓர் ஆளின் வாழ்க்கையை இரண்டு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும், நாளைக்குத் தலைப்பைச் சொல்லியாக வேண்டும். போன வாரம் வகுப்பில், வீடு திரும்பிய ஓர் இளைஞன் என்று பொதுவாகச் சொன்னதுமே சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். உளவியல் எடுக்கிற ஃப்ளோரன்ஸ் மேடம் மட்டும் வகுப்பு முடிந்ததும் படிக்கட்டில் என்னை நிறுத்தி, தெரிஞ்சவங்களா என்றார். ஆமா மேடம். அவங்கட்ட கேட்டியா. பேரையும் ஊரையும் மாத்திருவேன் மேடம். பேரை மாத்தினா உனக்குப் பத்திரம், அவங்களுக்கு என்ன. அவங்க சரின்னு சொல்லணும். கேக்காம எழுதினா அது படிப்பு இல்ல, ஒட்டுக்கேட்டது. மேடம் அதட்டிச் சொல்லவில்லை, குடையை விரித்துக்கொண்டே சொன்னார், மழை பெய்துகொண்டிருந்தது. அப்போதிருந்து அந்த வார்த்தை எனக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. கேட்பது என்றால் என்ன, அண்ணா உன்னைப் பத்தி எழுதட்டுமா என்று கேட்பது. அவன் எதுக்கு என்பான். அதற்கு நான் என்ன சொல்வேன். உனக்கு என்னவோ ஆகியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதை இந்த வீட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை. அலுப்பு என்றால் அலுப்புதான். மூன்று பேரும் சேர்ந்து ஒரு பெரிய பாத்திரத்தைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு நடக்கிறோம், நான் கேட்டால் என் கை நழுவிவிடும். நழுவினால் அவன் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டால். நான் கேட்ட ஒன்றே அவனை. இல்லை, அந்தப் பக்கம் போகாதே.

போகாதே என்றால் நேராக அங்கேதான் போகிறது. சாணார்காடு பஸ் நிறுத்தத்துப் பக்கத்து வீட்டில் ஒரு பையன், கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, இல்லை, வேண்டாம். அண்ணன் குளிக்கப் போனால் நான் எங்கிருந்தாலும் காது அங்கேதான் இருக்கும், செம்பு வாளியில் முட்டுகிற சத்தத்துக்கு. சத்தம் நின்றால் தலை துவட்டுகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அம்மாவும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். ஒன்றுமில்லை, அலுப்பு என்று ஊருக்குச் சொல்கிற அம்மா ஒரு நாள் காலையில் ஆசாரியைக் கூப்பிட்டு அண்ணன் அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னாள். துருப்பிடிச்சிருச்சு, கையைக் கிழிச்சிரும் என்றாள். அதில் துருவே இல்லை. எண்ணெய் போட்டு வழவழவென்று இருந்தது. ஆசாரி கழற்றிக் கையில் கொடுத்தார், அம்மா அதை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து எனக்குத் தலை பின்னிவிட்டாள், வழக்கத்தைவிட இறுக்கமாக. நானும் ஒன்றும் கேட்கவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. அந்தப் பிடுங்கின இடத்தில் நாலு ஓட்டை இருக்கிறது. அம்மா எந்தப் புத்தகமும் படிக்கவில்லை, ஆனால் நான் விரல் வைத்திருக்கிற இந்தப் பக்கத்துக்கு அடுத்த பக்கம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த பக்கத்தை நான் திருப்புவதில்லை, அதிலிருந்து கேள்வி வந்தால் விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். வெயில் துவைகல்லில் பாதியை விட்டுப் போயிருக்கிறது. இப்போது என்ன வித்தியாசமாக இருக்கிறது. ஏதோ ஒன்று நின்றிருக்கிறது. மின்விசிறி. மின்விசிறிச் சத்தம் இல்லை. கரண்ட் போயிருக்கும். பக்கத்து வீட்டு டிவி கேட்கிறதே. எழுந்திரு. அண்ணா என்று கூப்பிட வேண்டும், கூப்பிட்டால்

"ஏட்டி, டிரம் வழியுது."

பின்வாசலில் நிற்கிறான். கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. காலடியில் உண்மையிலேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, என் செருப்பு நனைந்திருக்கிறது, நான் பார்க்கவேயில்லை. டியூபை எடுத்து அண்டாவில் போடுகிறேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். அவன் உள்ளே போய்விடுவான் என்று நினைத்தேன், போகவில்லை. துவைகல்லில் வந்து உட்கார்ந்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில் இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன், தாடியில் இடது பக்கம் இரண்டு மூன்று முடி வெள்ளையாக இருக்கிறது, இந்த வயதில். உள்ள ஒரே புழுக்கம் என்றான். ஃபேனை அவனேதான் நிறுத்தியிருக்கிறான், வெளியே வருவதற்காக. அறையை விட்டு வருகிறவர்கள் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் வருவார்கள், இது எனக்கு ஏன் தோன்றவேயில்லை.

"பரீட்சையா?" என்றான்.

"இல்ல. நாளைக்கு ப்ராஜெக்டுக்குத் தலைப்பு சொல்லணும்."

"என்ன தலைப்பு?"

இதோ. இதுதான் அந்த இடம். வேறு ஏதாவது சொல்லலாம், பீடி சுற்றுகிற பெண்கள், முதியோர் இல்லம், ஃபர்ஹானா செல்போனைப் பற்றி எழுதுகிறாள். வாய்க்குள் மூன்று பொய் தயாராக வந்து நிற்கிறது. அண்டாவில் விழுகிற தண்ணீரின் சத்தம் மாறிக்கொண்டே வருகிறது. அவன் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்க்கிறான், அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"உன்னைப் பத்தி எழுதலாமான்னு நெனச்சேன்."

"என்னைப் பத்தின்னா?"

"நீ வேலைய விட்டுட்டு வந்தது. வீட்ல இருக்கது. பேரை மாத்திருவேன். உங்கிட்டக் கேட்டுட்டுத்தான் எழுதணும்னு மேடம் சொன்னாங்க. நீ வேண்டாம்னா வேண்டாம்."

"மேடம் சொல்லலன்னா கேட்டிருக்க மாட்டே."

கோபம் இல்லை அதில். கேட்டிருப்பேன் என்று சொல்ல வாய் திறந்து, தெரியலண்ணா என்றேன். அவன் தலையை ஆட்டினான். குனிந்து ஓடுகிற தண்ணீரில் ஒரு காய்ந்த வேப்பிலையை எடுத்துப் போட்டான், அது சாக்கடைப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, வேண்டாம்ட்டி என்றான். சரி என்றேன். இவ்வளவுதானா. இத்தனை நாள் தூக்கிச் சுமந்ததற்கு ஒரு வேண்டாம், ஒரு சரி. நாளைக்குத் தலைப்பு இல்லாமல் போய் நிற்க வேண்டும், சார் முகம் சுருங்கும், அதை நினைக்க ஏனோ பயமாக இல்லை. பாத்திரம் நழுவிவிட்டது, ஒன்றும் உடைந்த சத்தம் கேட்கவில்லை. அவன் எழுந்து போகவில்லை.

"எனக்கு என்னன்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்கா?"

"ரெண்டுலயும் போட்டிருக்கு. ஒண்ணுல உனக்கு என்னன்னு இருக்கு. இன்னொண்ணுல ஊருக்கு என்னன்னு இருக்கு."

"எது சரி?"

"ரெண்டும் சரின்னுதான் தோணுது. மூணு வருஷமா அதுதான் குழப்பம்."

அவன் மூக்கு வழியாக லேசாகச் சிரித்தான். பழைய சிரிப்பு மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. "தாழ்ப்பாளைக் கழட்டுதது எதுல போட்டிருக்கு?" என்றான், நான் குனிந்துகொண்டேன். "நான் தூங்குதேன்னு நெனச்சுத்தான் ஆசாரியக் கூட்டிட்டு வந்தா அம்மா. நான் முழிச்சுத்தான் கிடந்தேன். நான் அப்படி எதுவும் நெனைக்கல ஆவுடை. ஒரு நாளும் நெனைக்கல. ஆனா நெனைக்கலன்னு யாருட்டப் போய்ச் சொல்ல? யாரும் கேக்கலியே. அதான் கதவத் தொறந்தே போட்டு வச்சிருக்கேன், பாத்துக்கிடுங்கன்னு." அண்டா நிரம்புகிறது, டியூபைக் குடத்துக்கு மாற்றுகிறேன், நல்லவேளை கைக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த ஒரு கை அகலம், அவன் எங்களுக்காக விட்டு வைத்தது. நாங்கள் மூன்று பேரும் அதன் வழியாக அவனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவன் உள்ளேயிருந்து எங்களைத் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறான். இப்போதும் பாத்துக்கிடுதேன்தான்.

பிறகு அவனாகவே சொன்னான், நான் ஒன்றும் கேட்கவில்லை. கம்பெனிப் பக்கம் தங்கியிருந்த ரூமில் ஆளுக்கு ஒரு பாய் கிடையாதாம், ஷிப்டு முடித்து வருகிறவன் ஷிப்டுக்குப் போகிறவன் எழுந்த பாயில் படுக்க வேண்டும், சூடு ஆறாமல் இருக்குமாம். அந்தச் சூடு எனக்கு ஆகல என்றான். கண்ணை மூடினால் இன்னொருத்தன் உடம்புக்குள் படுத்திருக்கிற மாதிரி. லைனில் நிற்கும்போது கை பாட்டுக்கு வேலை செய்யும், பக்கத்தில் பேசுகிறவன் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். "பஸ் ஏறும்போது பொங்கலுக்குத்தான் போறேன்னு நெனச்சேன். இங்க வந்து எங்கட்டில்ல படுத்தேன். எந்திரிக்க முடியல. அவ்வளவுதான். பெரிய கதை ஒண்ணும் கிடையாது." அவன் சொல்லச் சொல்ல என் தலை பாட்டுக்குப் பிரிக்கத் தொடங்கியது, பாய் கீழ்த்தளத்துக்கு, கிணற்றுச் சத்தம் மாடிக்கு. நிறுத்து என்று எனக்கு நானே சொன்னேன். நின்றது. ஆச்சரியமாக இருந்தது, அது நிற்கும் என்று எனக்குத் தெரியாது. படியும் இல்லை, மாடியும் இல்லை, துவைகல்லில் என் அண்ணன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் குரல் இவ்வளவு கரகரப்பானது என்பதே மறந்துபோயிருந்தது.

"அந்த மேடம் எப்படி?" என்றான் கொஞ்சம் கழித்து.

"நல்லவங்க. ஏன்?"

"எங்க போய்க் காட்டணும்னு அவங்களுக்குத் தெரியுமா? எழுத வேண்டாம். காட்டலாம்ல."

ஞாயிற்றுக்கிழமை மேடத்தைக் கூப்பிடலாமா, தூங்குவார்களா, சர்ச்சில் ஏதாவது கூட்டமா, என்றெல்லாம் ஓடுகிறது, அதற்குள் விரல் போனில் பெயரைத் தேடிவிட்டது. மேடம் எடுத்தார். பின்னால் குக்கர் சத்தம். சொல்லு ஆவுடை, தலைப்பா. இல்ல மேடம், அந்தத் தலைப்பு வேண்டாம், அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. சரி, நல்லது, கேட்டியே. மேடம், அது எங்கண்ணன். குக்கர் சத்தம் நின்றது, அடுப்பை அணைத்திருப்பார். எங்க கூட்டிட்டுப் போகணும்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். பக்கத்துல இருக்காரா, அவரே பேசுவாரான்னு கேளு, அவர் இஷ்டம் என்றார் மேடம். நான் அண்ணனைப் பார்த்தேன். பத்து மாதமாக வீட்டுக்கு வெளியே ஆள் யாரிடமும் பேசாதவன். பெரியப்பா கூப்பிட்டபோதுகூடத் தூங்குகிறான் என்று சொல்லச் சொன்னவன். அவன் ஈரக் கையைக் கைலியில் துடைத்துவிட்டு நீட்டினான்.

"வணக்கம் மேடம். சங்கரநயினார் பேசுதேன். ஆவுடையோட அண்ணன்."

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். இறக்கி வைத்த பிறகும் அங்கேயே நின்றேன், அடுத்த குடத்தை எடுக்கப் போகவில்லை. வெளியே அவன் குரல் மட்டும் வந்தது, வார்த்தை புரியவில்லை, புரிய வேண்டியதும் இல்லை. ஒரு தடவை குரல் உடைந்த மாதிரி இருந்தது, என் கால் தானாக வாசலை நோக்கித் திரும்பியது, பிறகு அவன் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது, நின்றுகொண்டேன். அப்பா வந்தால் என்ன சொல்வார். அம்மா அழுவாள், வளைகாப்பு வளையலைக் கழற்றாமலே அழுவாள். அழட்டும். டாக்டர் மாத்திரை கொடுப்பார்களா, பேசுவார்களா, சரியாக எவ்வளவு காலம் ஆகும், ஒன்றும் தெரியவில்லை, மூன்று வருஷம் படித்தும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது இன்றைக்கு அவ்வளவு கனமாக இல்லை.

அவன் உள்ளே வந்து போனை அடுப்புத் திண்டில் வைத்தான். கண் சிவந்திருந்தது. செம்பில் தண்ணீர் எடுத்துக் குடித்தான், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரிய ஆஸ்பத்திரில அவங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காங்களாம். புதன்கிழமை காலைல வரச் சொன்னாங்க. அப்பாட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

"சரி."

"நீயும் கூட வா."

"வாரேன்."

செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசல் வரை போனவன் திரும்பிப் பார்த்தான்.

"புஸ்தகம் எடுத்துட்டு வராத, என்ன" என்றான்.